நம்ம கூட்டத்துக்கு சரக்குக் கம்பெனி காசு வேண்டாம்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூரில் தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் என்று நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்து மனம்விட்டுப் பேச எங்கே போவது? வீட்டுக்குக் கூப்பிட முடியாது, கோட்டைப் புல்வெளியில் திருநங்கைகள் இரண்டு பேர் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே யாராவது வந்து விசாரிப்பார்கள், கடைசியில் யாரோ தனியாக எடுத்திருக்கும் ரூமில் ஒரு கட்டிங்கோடுதான் பேச்சே ஆரம்பிக்கும். "இவங்க எல்லாம் குடிகாரங்க" என்று சொல்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் சரக்குக் கம்பெனிகள் இதை எப்போதோ பார்த்துவிட்டன.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் நம் ஆட்களுக்கு பாரை விட்டால் வேறு போக்கிடம் இருந்ததில்லை. 1969-ல் போலீஸை எதிர்த்துக் கலவரம் வெடித்த ஸ்டோன்வால் ஒரு பார்தான். மற்ற பெரிய கம்பெனிகள் கிட்டவே வராத காலத்தில், 1981-ல், அப்சொலூட் ஓட்கா தன்பாலீர்ப்பாளர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. நம்மை மதித்தார்களே என்ற நன்றி, அப்படியே அந்த பிராண்டின் மேல் விசுவாசமாக மாறிவிட்டது. அப்புறம் பிரைடு ஊர்வலங்களில் பீர் கம்பெனி பேனர்கள் வந்தன. இங்கே 2018 செப்டம்பரில் தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்ற 377 தீர்ப்பு வந்த பிறகு, பிரைடு மாதமான ஜூன் வந்தால் வானவில் நிறம் பூசிய பாட்டில் நம் போனுக்கே வருகிறது. டிவியில் மது விளம்பரம் செய்யக் கூடாது என்று விதி இருப்பதால்தான் அதே பெயரில் சோடா, தண்ணீர், இசை நிகழ்ச்சி என்று சுற்றி வருகிறார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில் நேரத்தை மாற்றுங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கூடினால் கை தானாகச் சரக்குக்குப் போகும், ஞாயிறு காலை பத்து மணிக்கு யாரும் பாட்டில் கேட்க மாட்டார்கள். ஆளுக்கு நூறு, முடியாதவர்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிட்டு, ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காயும் வாங்கினால் சாப்பிட்டுக்கொண்டே மதியம் வரை பேச்சு ஓடும். வருகிறவர்களுக்கு அனுப்பும் மெசேஜிலேயே "இங்கே சரக்கு கிடையாது" என்று எழுதிவிடுங்கள், குடியை விட முயல்கிற ஒருவருக்கு அந்த ஒரு வரி பெரிய தெம்பு. ஸ்பான்சர் என்று யாராவது வந்தால் கம்பெனி என்ன விற்கிறது, மேடையில் யார் பெயர் வரும், ஜூன் முடிந்த பிறகும் நமக்காகப் பேசுவார்களா என்று கேளுங்கள். பேனர் வைக்கத்தான் காசு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கூட்டம் சின்னதாக நடந்தால் நடக்கட்டும்.

தினமும் குடிக்கிறவராக இருந்தால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம்: அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். டாக்டர்கள் 10 கிராமை ஒரு டிரிங்க் என்று எண்ணுகிறார்கள், அப்படியென்றால் ஒரு குவார்ட்டரில் ஆறு. ஹார்மோன் எடுக்கிறவர்களுக்கு அந்த மருந்தும் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை எடுக்கிறவர்கள், குடித்துவிட்டோமே என்று அன்றைக்கு மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ரொம்ப நாளாகக் காலையிலேயே ஊற்றிக்கொள்கிறவர்கள் சபதம் எடுத்து ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. டீ கிளாஸைப் பிடிக்க முடியாத கை நடுக்கம், வியர்வை, ரெண்டு நாளுக்குள் வலிப்பு, அதற்கப்புறம் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் யார் என்றே புரியாமல் போவது, இதில் உயிரே போகலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பாகாயத்தில் இருக்கும் சிஎம்சி மனநல மையத்துக்கோ போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் கவலை தருவது. "குடியை நிறுத்தத்தான்" என்று வீட்டார் கொண்டுபோய் ஒரு மையத்தில் அடைத்து, அங்கே உங்கள் ஈர்ப்பையோ பாலினத்தையோ "சரி செய்கிறேன்" என்று ஆரம்பித்தால் அது சிகிச்சையே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் அந்த மாதிரி முயற்சிகளைத் தடை செய்துவிட்டது. 2017 மனநலச் சட்டமும் பாலினம், பாலீர்ப்பு பார்த்து பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நீங்களாகச் சேர்ந்திருந்தால், வெளியே விடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் எந்த மையமானாலும் சேர்வதற்கு முன்பு, மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், எங்கே போகிறீர்கள் என்பதை நம்பகமான ஒருவரிடம் சொல்லிவைத்து, தினமும் ஒரு நேரம் அவரிடம் பேசுங்கள், ஒரு நாள் பேசாவிட்டால் அவர் உங்களைத் தேடும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ராத்திரி யாருமே இல்லாதபோது பேச 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.