நெடுநாள் நின்றுபோன பழைய கார்: எடுத்துச் சரிசெய்யலாமா, விட்டுவிடலாமா?

பழைய காரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ஜின் ஓடுமா?" என்பதைத்தான். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி கடைசியில் வந்தால் போதும். என்ஜினைப் பிரித்துச் சரிசெய்யலாம், வேறொன்றை வாங்கிப் பொருத்தவும் செய்யலாம். கையைக் கடிப்பது தகரம்தான்.

டார்ச், சிறிய காந்தம், மெல்லிய துணி, திருப்புளி, ஒரு நோட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அழுக்கானாலும் பரவாயில்லை என்ற உடையில் போங்கள். அடியில் படுக்காமல் இந்த வேலை நடக்காது. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே நுழையாதீர்கள். ஜாக்கி முட்டுக்கொடுக்கும் இடமே துருவால் இற்றுப்போயிருக்கலாம்.

முதல் படி: எண்கள்

பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் காரில் பொறித்திருப்பவையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சேஸிஸ் எண் சுரண்டப்பட்டிருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம்.

இரண்டாம் படி: துரு

நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே செலவிடுங்கள். மேலே தெரியும் செந்துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். பெயின்டுக்கு அடியிலிருந்து சிறு கொப்புளங்களாக எழும்புவதுதான் மோசம். அது உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியின் மேல் நகர்த்துங்கள். கப்பென்று பிடித்துக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் வழுக்கி விழுந்தால், அங்கே இருப்பது தகரம் அல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. பிறகு உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, அதே பகுதியைக் கீழ்ப்பக்கத்திலிருந்து திருப்புளியால் அழுத்துங்கள். நல்ல தகரம் 'டக்' என்று எதிர்த்து நிற்கும். கெட்டது நொறுங்கும் ஓசையோடு திருப்புளியை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரி அமர்ந்திருந்த இடம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, முன்சக்கர சஸ்பென்ஷனின் மேல்முனை இணையும் இடம் ஆகியவையும் முக்கியம். அடுத்து, கதவை முழுக்கத் திறந்து நுனியைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். கீல் மட்டும் ஆடினால் சின்ன வேலை. கீல் பொருத்திய தூணே சேர்ந்து அசைந்தால் பெரிய வெல்டிங் காத்திருக்கிறது. மூடிய கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கக்கூடும்.

தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடியை ஏற்றிய பழைய கார்களில் சட்டம் நன்றாக இருந்தால் ஓரளவு நம்பலாம். தனிச் சட்டம் இல்லாத காரில் பாடியே பாரத்தைத் தாங்குகிறது. அடிப்பகுதி போனால் முதுகெலும்பு போன மாதிரிதான்.

மூன்றாம் படி: இல்லாத பொருட்கள்

இதை ஏனோ பலரும் கண்டுகொள்வதில்லை. பிஸ்டனும் பேரிங்கும் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். முன் கிரில், வளைந்த கண்ணாடி, குரோம் பட்டை, விளக்கின் வளையம் போன்றவைதான் ஆண்டுக்கணக்கில் அலையவைக்கும். இல்லாதவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். யாரோ பிரித்துப் பெட்டிகளில் போட்டு வைத்திருக்கும் காரை, முதல்முறை இறங்குபவர் தொடாமலிருப்பது நல்லது. "எல்லாம் உள்ளே இருக்கிறது" என்று சொல்வார்கள், பெரும்பாலும் இருக்காது.

நான்காம் படி: என்ஜின்

சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நெடுநாள் நின்றதில் ஆயில் முழுதும் கீழே வடிந்திருக்கும். கெட்டுப்போன பெட்ரோல் பிசினாகி, வால்வுகளை ஒட்டவைத்துவிடவும் கூடும்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. உரிமையாளர் சம்மதித்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துருவை இளக்கும் எண்ணெயைக் கொஞ்சம் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் கப்பியின் (என்ஜினின் சுழல்தண்டு நுனியில் உள்ள சக்கரம்) போல்ட்டை ஸ்பேனரால் திருப்புங்கள். சுழன்றால் நல்லது. அசையாவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். முழுதும் பிரிக்கும் செலவைக் கணக்கில் சேர்த்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: சோதிக்கவே வேண்டாதவை

டயர், பிரேக் குழாய்கள், ரப்பர் சீல்கள், பேட்டரி எல்லாம் மாற்ற வேண்டியவை என்றே எழுதிவிடுங்கள். டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதனால் பிரேக் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். எலி கடித்த வயர்களையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஆறாம் படி: கணக்கு

தகர வேலை, பெயின்ட், குரோம் பூச்சு, இருக்கைத் தையல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பீடு வாங்குங்கள். பெயின்டை உரித்த பிறகுதான் தெரியும் துரு கட்டாயம் இருக்கும் என்பதால், தகர வேலைக்கு மட்டும் பாதித் தொகையைக் கூட்டி எழுதுவது என் வழக்கம். மொத்தத்தை, அதே மாடலில் ஏற்கெனவே சீரமைத்து ஓடிக்கொண்டிருக்கும் காரின் விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஓடுகிற கார்தான் மலிவாக இருக்கும். அப்பா ஓட்டிய கார் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போதும் எவ்வளவு போகும் என்று தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வெல்டிங் தெரிந்த ஒருவரை அழைத்துப்போய் அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். விரிப்பைத் தூக்கவே விடாத உரிமையாளரிடம் அதற்கு மேல் பேரம் பேச ஒன்றுமில்லை.