பரமேசியத்தில் ஒரு பரம்பரையலகை அடக்கிப் பார்க்கும் முறை

ஒரு பரம்பரையலகின் வேலையை அறிய, அதை அடக்கிவிட்டுக் கலத்துக்கு எது இயலாமற் போகிறதென்று கவனிப்பதே ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையாகும். முதலில் எடுத்துக்கொண்ட அங்கியில் அதற்கான பொறிமுறை இருக்கிறதா என்று பாருங்கள். மலேரியா ஒட்டுண்ணியிலும், அப்பத்துக்கு மா புளிக்கவைக்கும் ஈஸ்ட்டிலும் அது இல்லை, நீரில் வாழும் ஒருகல உயிரியான பரமேசியத்தில் உண்டு.

தேயிலை மலைக் கானில் தேங்கிய நீரிலும் பரமேசியம் அகப்படும். ஆயினும் அதன் இனம் தெரியாதாகையால், மரபணுத்தொகுதி 2006இல் வெளியான பரமேசியம் டெட்ராஉரேலியாவையே வளர்க்க வேண்டும். அதிலுள்ள ஏறத்தாழ 40,000 பரம்பரையலகுகளுள் பலவற்றுக்கு, தொகுதி முழுவதும் பலமுறை இரட்டித்ததன் விளைவாக, உடன்பிறப்புகள், அதாவது ஏறக்குறைய ஒத்த படிகள், உள்ளன. கலம் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை 23 நியூக்ளியோடைட்டு (இழையின் அலகு) நீளமான துண்டுகளாக நறுக்கி, அவற்றோடு ஒத்த பரம்பரையலகை அடக்குவதால், நீங்கள் தெரிவுசெய்யும் சில நூறு நியூக்ளியோடைட்டுப் பகுதி வேறெந்தப் பரம்பரையலகோடும் அந்த நீளத்துக்குத் தொடர்ந்து ஒத்திருக்கக் கூடாது.

அப்பகுதியை, இரு புறமும் எதிரெதிரான டி7 ஊக்கிகள் (ஆர்.என்.ஏ. ஆக்கத்தைத் தொடக்கும் பகுதிகள்) கொண்ட எல்4440 பிளாஸ்மிட்டில் (சிறு வட்ட டி.என்.ஏ.) சேர்த்து, இரட்டை இழையை வெட்டும் நொதியமற்ற எச்.டி.115 பற்றீரியாவினுள் செலுத்துங்கள். ஐ.பி.டி.ஜி. என்னும் இரசாயனத்தைச் சேர்த்து இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை ஆக்கத் தூண்டிய பற்றீரியாவை, வழமையான உணவை நன்கு கழுவி அகற்றிய பரமேசியத்துக்கு நாள்தோறும் புதிதாக ஊட்டுங்கள்.

கூடவே இரண்டு ஒப்பீடுகள் கட்டாயம்: ஒன்று வெறும் பிளாஸ்மிட், மற்றது, கலம் இழை எய்வதற்குத் தேவையான என்.டி.7 பரம்பரையலகு. பிக்ரிக் அமிலத்தின் நிரம்பிய கரைசலில் ஒரு துளி பட்டதும் சாதாரணக் கலம் தன்னைச் சுற்றி மயிர்போன்ற இழைகளை எய்துவிடும், என்.டி.7 அடங்கிய கலமோ மொட்டையாகவே நிற்கும். (அமிலத்தை உலர விடாதீர்கள், வெடிக்கும்.)

நுவரெலியாவில் ஒரு மார்கழியில், இரண்டாம் நாளும் எங்கள் என்.டி.7 கலங்கள் இழை எய்தன. பிளாஸ்மிட்டில்தான் பிழையென்று அதை மீண்டும் ஆக்கப் புறப்பட்டோம். பிறகு நுணுக்குக்காட்டியில் எண்ணியபோது, ஒரு கலம் இட்ட குழியில் நான்கே இருந்தன. மின்வெட்டில் 27 பாகை காக்கும் பெட்டி இராமுழுக்க அணைந்திருந்தது. குறுக்கீடு புதிய ஆக்கத்தை நிறுத்துமேயன்றி, முன்பே உள்ள புரதத்தை அழிக்காது. அப்புரதம் ஒவ்வொரு கலப்பிரிவிலும்தான் பாதியாகும். இரண்டு பிரிவுக்குப் பின் கால்பங்கு எஞ்சும், நான்குக்குப் பின் பதினாறில் ஒன்று. எனவே குளிர்ப்பிரதேசத்தில் நாட்களையல்ல, பிரிவுகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

விளைவு தெரிந்தபின், அதே பரம்பரையலகின் இன்னொரு பகுதியால், முதலாவதோடு மேற்படியாதவாறு, மீண்டும் அடக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே குறையைக் காட்டினால் மட்டும் அதன் பெயரில் பதியுங்கள்.