சூடேற்றிய கல்லை வீட்டில் பட்டை தீட்டுவது

நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் பழங்காலக் கல்மணித் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. படியூரின் கடல்நீலக் கல்லும் (அக்வாமரைன்) நெடுங்காலமாகப் பேர் பெற்றது. ஆனாலும் பொழுதுபோக்காகப் பட்டை தீட்டப் பழகுபவர் விலையுயர்ந்த கல்லில் கை வைக்காமல், ஊதா நிறச் செவ்வந்திக் கல்லைச் (அமெதிஸ்ட்) சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் வாட்டி மஞ்சளாக்கிய படிகக் கல்லில் தொடங்குவது நல்லது. சந்தையில் சிட்ரின் என விற்பவற்றுள் பெரும்பகுதி அதுவே.

அறுப்பதற்கு முன், கல்லைத் தண்ணீரில் மூழ்கவைத்துப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி, பத்து மடங்கு லென்ஸில் பார்க்கவேண்டும். சூட்டில் கல்லும் அதற்குள் சிக்கிய துகளும் வெவ்வேறு அளவில் விரிவதால், துகளைச் சுற்றி வட்டத் தட்டு வடிவில் விரிசல் விழுந்திருக்கும். அது மேற்பரப்பை எட்டும் இடத்தில் பட்டை பெயரும் என்பதால் அந்தப் பகுதியை முதலிலேயே நீக்கிவிடுவது உத்தமம். டைட்டானியம் ஊட்டிச் சூடேற்றிய நீலக்கல்லை வாங்கவே வேண்டாம்; அதில் நிறம் மெல்லிய மேல்தோலில் மட்டும் இருப்பதால், சாணை பட்டதும் கல் வெளுத்துவிடும். விரிசலில் கண்ணாடி நிரப்பிய மாணிக்கமும் பழகுவதற்கு ஏற்றதன்று, ஏனெனில் கண்ணாடி சீக்கிரம் தேய்ந்து, கெட்டியான மாணிக்கம் மேடாக நிற்கும்.

நிறம் திட்டாக இருந்தால், அடர்ந்த திட்டு அடிமுனையில் அமையும்படி கல்லை, தீட்டும்போது அதைப் பிடித்திருக்கும் அரக்குக் குச்சியில் ஒட்டவேண்டும். கல்லையும் குச்சியையும் மெல்லச் சூடாக்குவது அவசியம். விரிசல் உள்ள கல்லுக்கு அரக்கைவிட எபாக்சி பசையே பாதுகாப்பானது.

அடிப்பக்கத்தை முதலில் தீட்டவேண்டும். கல்லை அளவாகத் திருப்பி நிறுத்தும் 96 பல் கொண்ட குறியீட்டுச் சக்கரத்தில் 96, 12, 24 எனப் பன்னிரண்டு பன்னிரண்டாக நகர்த்தினால் எட்டு முதன்மைப் பட்டைகள் கிடைக்கும். படிகக் கல்லின் ஒளிவிலகல் எண் சுமார் 1.54 என்பதால் மாறுநிலைக் கோணம் (இதைவிடச் சாய்ந்து படும் ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்பும்) 40 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆகவே அடிப்பட்டைகளை 43 டிகிரியில் வைக்கவேண்டும். 40-க்குக் கீழே இறங்கினால் ஒளி திரும்பாமல் கசிந்து, கல்லின் நடுவே கீழே வைத்த எழுத்து படிக்கத் தெரியும். கடல்நீலக் கல்லுக்கும் இதே கோணம் பொருந்தும். 260, 600, 1200, 3000 என எண் ஏற ஏற நுண்மையாகும் வைரத் தட்டுகளில் படிப்படியாக நகரும்போது, முந்தைய தட்டின் கீறல் முழுதும் மறையும் வரை அடுத்ததற்குச் செல்லக்கூடாது; இங்கே அவசரப்பட்டால் மெருகில் இருமடங்கு நேரம் வீணாகும். தண்ணீர் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கட்டும், உலர்ந்த படிகத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

மெருகுக்குச் சீரியம் ஆக்சைடு போதும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைச் சாணைக்குப் பயன்படுத்தலாம். மெருகுத் தட்டில் காய்ச்சி வடித்த தண்ணீரே நல்லது.

பின்னர் கல்லைத் திருப்பி ஒட்டி மேல்பக்கத்தையும் உச்சியிலுள்ள தட்டையான முகப்பையும் தீட்டவேண்டும். முடிந்ததும் கல்லைக் கழற்றக் குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சூடேற்றிய கல்லுக்கு அது ஆகாது. அரக்கு ஒட்டிய கல்லைச் சாராயத்திலும், எபாக்சி ஒட்டியதை அசிட்டோனிலும் ஊறவிட்டால் பசை இளகி, கல் தானாகப் பிரியும்.