உண்ணிக்குச்சியில் தொங்கு விளக்குக் கூடு: ஈரத்தில் வளையுங்கள், காய்ந்தபின் கட்டுங்கள்

நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிகளான பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் கைகளில் உண்ணிக்குச்சி (லன்டானா செடியின் குச்சி) நிஜ அளவு யானையாகிறது. அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களிலும் 2024இல் அமெரிக்காவிலும் போய் நின்றன. யானைக்கு உள்ளே இரும்புக் கம்பிச் சட்டம், மேலே தோலுரித்த குச்சி. வீட்டு விளக்குக் கூட்டுக்கும் அதே முறைதான்.

வேண்டியவை: சுண்டுவிரல் பருமனில் (10 மி.மீ.) 16 அங்குலக் குச்சி 48. 6 மி.மீ. கம்பி 9 அடி. வெல்டிங் கடையில் 8, 12, 10 அங்குல விட்டத்தில் மூன்று வளையங்களும், 8 அங்குல வளையத்தின் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையும் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கட்டுக்கம்பி கால் கிலோ. கறுப்புக் கட்டுக்கம்பி வேண்டாம், மலைப் பனியில் துருவேறி குச்சியில் கறை இறங்கும்.

வெட்டுவதற்குக் கவாத்துக் கத்திக்கு ஈடு இல்லை. சொந்த நிலத்தில், வேலியோரத்தில் வெட்டுங்கள். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். புதருக்குள் கரடியோ காட்டெருமையோ படுத்திருக்கலாம், ஒரு கல்லை விட்டெறிந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இலை மாட்டுக்கு நஞ்சு, கழித்ததைத் தொழுவத்துப் பக்கம் போடக் கூடாது.

பழைய தகர டிரம்மில், சீகை விறகில், குச்சி மூன்று மணி நேரம் தண்ணீரில் வேகட்டும். சாக்குத் துணியால் பிடித்துத் திருகினால் பட்டை கழன்று வர வேண்டும். ஐந்தாறு குச்சியாக வெளியே எடுங்கள். ஆறிவிட்டால் பட்டை மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பூச்சி அரித்து உளுக்காமல் இருக்க: 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெண்காரம், 200 கிராம் போரிக் பவுடர். உரித்த குச்சியை ஈரத்தோடே ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். கையுறை போடுங்கள், அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது.

மறுநாள் அதே கரைசலைக் குச்சியோடு அரை மணி நேரம் சுடவைத்து, சூட்டோடு வளையுங்கள். பலகையில் ஆணி அடித்ததுதான் அச்சு. கூட்டுக்கு வேண்டிய வளைவு, குச்சியின் நடுவில், ஒன்றரை அங்குலம்; அச்சில் இரண்டேகால் கொடுங்கள், விட்டதும் கொஞ்சம் நிமிரும்.

இனிதான் முக்கால்வாசிப் பேர் சறுக்கும் இடம். அச்சிலிருந்து எடுத்த கையோடு வளையத்தில் கட்டிவிடுகிறார்கள். கட்டும்போது இரும்புபோல் இறுக்கமாக இருக்கும். காயக் காயக் குச்சியின் பருமன் சுருங்கும், கம்பி சுருங்காது. ஒரு மாதத்தில் கூட்டைத் தட்டினால் கடகடவென்று ஆடும். அவசரப்பட்டு அடுப்புக்கு மேல் பரணில் போட்டால் முனை வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில், தரையில் படாமல் அடுக்குங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை எல்லாக் குச்சியையும் சேர்த்துத் தராசில் நிறுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை காட்டினால்தான் காய்ந்தது என்று பொருள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். கூடலூரில் ஆடி மழையிலும் கோத்தகிரி, குன்னூரில் ஐப்பசி மழையிலும் இந்த வேலையே வேண்டாம்.

கட்டுவது எளிது. 8 அங்குல வளையம் மேலே, 12 நடுவில், 10 கீழே. 40 குச்சி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டு, ஒரு கட்டுக்கு 8 அங்குலக் கம்பி. எதிரெதிராக நான்கு குச்சியை முதலில் கட்டி உருவத்தை நிறுத்திவிட்டு இடையை நிரப்புங்கள். நடு வளையத்தில் இடைவெளி 14 மி.மீ. வரும். ஆணி அடித்தால் குச்சி பிளக்கும்.

பல்பு 7 வாட் எல்.இ.டி. மட்டும். பழைய குண்டு பல்பின் சூடு குச்சிக்கு ஆகாது. சங்கிலியில் தொங்கவிடுங்கள், ஒயரில் அல்ல. தகரக் கூரை வீடுகளில் கொக்கியை மச்சுப் பலகையில் மாட்டாமல் உத்திரத்தில் மாட்டுங்கள்.

பின்சேர்க்கை: எண்ணெய் பூசிய கூட்டில் பூஞ்சை வந்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய் மலைக் குளிரில் லேசில் காயாது, பிசுபிசுப்பில் பூஞ்சை பிடிக்கும். ‘டபுள் பாயில்ட்’ என்று விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் வாங்கி, சம அளவு டர்பன்டைன் கலந்து, மெல்லிசாக ஒரே பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கிப் போடுங்கள். வார்னிஷ் பளபளப்பு இந்தக் குச்சிக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

முதல் ஆறு மாதம், வாரம் ஒருமுறை கூட்டுக்குக் கீழே கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். மறுநாள் காலையில் பவுடர்போல் வெள்ளை மாவு கொட்டிக் கிடந்தால் நேர் மேலே உள்ள குச்சி உளுக்கிறது. அதன் மூன்று கட்டை மட்டும் அவிழ்த்து வேறு குச்சி வையுங்கள். 40 போதும் என்ற இடத்தில் 48 வெட்டச் சொன்னது இதற்குத்தான்.