பாஸ்தாவை மீ மாதிரிச் சமைக்காதீர்கள்: சோசேஜ் பாஸ்தாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீ கோரெங் என்கிற நூடுல்ஸ் பிரட்டலைப் பிரமாதமாகச் செய்கிறவர்கள் கையில்தான் பாஸ்தா அடிக்கடி குழைந்தும் வழுக்கியும் போகிறது. எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அம்மா பிரட்டுகிற மீக்கு ஈடு கிடையாது. மஞ்சள் மீயை வெந்நீரில் அலசி, அனல் பறக்கிற குவாலியில் போட்டு நாலு பிரட்டு பிரட்டினால் மாமாக் சாப்பாட்டுக் கடை தோற்றுப்போகும். அதே அம்மா, பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்று முதன்முறை சோசேஜ் பாஸ்தா செய்தபோது, பாஸ்தா ஒரு பக்கம், சோஸ் ஒரு பக்கம், தட்டின் அடியில் தண்ணீர் ஒரு பக்கம் என்று நின்றது. அம்மாவின் கைப்பக்குவத்தில் குறையே இல்லை. மீக்குச் சரியான பழக்கங்கள்தான் பாஸ்தாவுக்குத் தப்பாகப் போயின.

மஞ்சள் மீ கடைக்கு வரும்போதே வெந்து, எண்ணெய் பூசி வருகிறது. மாவில் காரநீர் சேர்த்துப் பிசைவதால் ஒரு சோடா வாடை இருக்கும். அந்த வாடை போவதற்காக வெந்நீரில் அலசுகிறோம். சரிதான். பாக்கெட் பாஸ்தா அப்படியில்லை. டூரம் என்கிற கெட்டிக் கோதுமையின் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, முறுக்கு மாதிரி அச்சில் பிழிந்து, வேகவைக்காமல் காயவைத்தது. கொதிநீரில் வேகும்போது அதன் மேல்பரப்பில் மாவுச்சத்து கசிந்து நிற்கும். அந்தப் பிசுபிசுப்புதான் சோஸைப் பிடித்துக்கொள்கிறது. குழாயடியில் காட்டி அலசிவிட்டால் சோஸ் ஒட்ட இடமே இல்லை.

அலசுவதைவிடப் பெரிய தவறு, வடித்த தண்ணீரை முழுவதும் சிங்க்கில் ஊற்றுவது. சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தவர்கள் நாம், சேலைக்குக் கஞ்சி போட்டவர்கள். பாஸ்தா வெந்த தண்ணீரும் ஒரு கஞ்சிதான். சோசேஜில் இருந்து இறங்கிய கொழுப்பும், வாணலியில் இருக்கிற எண்ணெயும், தக்காளிச் சாறும் தானாகக் கலக்காது. இந்தக் கஞ்சியில் ஒரு கரண்டி ஊற்றிக் கிளறுங்கள். மாவுச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து, பளபளப்பான ஒரு குழம்பாக்கிவிடும். கிரீம், சோள மாவு எதுவும் வேண்டாம். அம்மாவிடம் நான் மாற்றச் சொன்னது இந்த ஒன்றைத்தான். வடிக்கிறதற்கு முன்னால் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து வையுங்கள் என்றேன். அடுத்த தடவையே தட்டில் தண்ணீர் நிற்கவில்லை.

கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் அளவாக இருக்க வேண்டும். இத்தாலியர்கள் 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்று கணக்குச் சொல்வார்கள். வீட்டில் மூன்று பேருக்கு 250 கிராம், அதாவது அரைப் பாக்கெட் போதும். அதற்கு 2 லிட்டர் தண்ணீரே தாராளம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பாஸ்தாவைப் போட்ட முதல் இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகராமல் கிளறுங்கள். ஒட்டிக்கொள்வது அந்த இரண்டு நிமிடத்தில்தான். ஒட்டாமலிருக்க எண்ணெய் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடலாம். எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படியும், அப்புறம் சோஸ் வழுக்கும்.

உப்பு விஷயத்தில் சோசேஜை மறந்துவிடக் கூடாது. சோசேஜிலேயே உப்பு நிறைய. சீஸ் போட்டால் இன்னும் கொஞ்சம். அதனால் 2 லிட்டருக்கு நான் தூள் உப்பு இரண்டரைத் தேக்கரண்டி மட்டும் போடுகிறேன். தண்ணீரில் உப்பே போடாமல் விட்டால் பாஸ்தா உள்ளே சப்பென்று இருக்கும், பிறகு சோஸில் எவ்வளவு கொட்டினாலும் அந்தச் சப்பு போகாது. சோஸுக்கு உப்பு கடைசியில்தான், வாயில் வைத்துப் பார்த்த பிறகு. கஞ்சியிலும் உப்பு இருக்கிறது, வற்ற வற்ற அது ஏறும்.

பதம். பாக்கெட்டில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டாவது நிமிடம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசாகக் கெட்டி தட்ட வேண்டும். மீதி இரண்டு நிமிடம் சோஸோடு வாணலியில் வேகும். சட்டியிலேயே முழுக்க வெந்துவிட்டால் வாணலிக்குப் போனதும் குழைந்துவிடும். குழைந்த பாஸ்தாவை மீட்க வழியே இல்லை.

இனி சோசேஜ். இங்கேதான் நிதானம் வேண்டும்.

நம் கடைகளில் உறைபெட்டியில் கிடைக்கிற கோழி சோசேஜ் பெரும்பாலும் ஏற்கெனவே வேகவைத்தது. அதற்குச் சூடும், மேலே ஒரு சிவந்த பொருக்கும்தான் தேவை. பதினைந்து நிமிடம் வறுத்தால் ரப்பர். பச்சையாக இறைச்சியை அரைத்து அடைத்த சோசேஜ் வேறு. அது மென்மையாக, அமுக்கினால் குழையும். அதன் உறையைக் கீறி, இறைச்சியைச் சிறு உருண்டைகளாகக் கிள்ளி வாணலியில் போட்டால் சீக்கிரம் வேகும், சுவையும் சோஸ் முழுக்கப் பரவும். உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. வெப்பமானி இருந்தால் கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ், மாடு அல்லது பன்றி என்றால் 71. எந்த வகை என்று பாக்கெட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உரித்துப் போட வேண்டிய மேலுறை உள்ள வகைகளும் உண்டு, அதுவும் பாக்கெட்டில் எழுதியிருக்கும்.

மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஹலால் முத்திரை அது எந்தப் பிராணியின் இறைச்சி என்று சொல்லாது. கோழி சோசேஜ் என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும், அதன் உறை மாட்டுத்தோலில் இருந்து எடுத்த கொலாஜன் என்கிற புரதமாக இருக்கலாம். பின்பக்கப் பொருள் பட்டியலில் மலாயில் மாட்டைக் குறிக்கும் 'லெம்பு' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்குப் பரிமாறுகிற வீட்டில் இந்த ஒரு நிமிடம் அவசியம்.

காலையில் வேலைக்குப் போகும்போது உறைந்த சோசேஜை மேசையில் எடுத்து வைத்துவிட்டுப் போவது பல வீடுகளில் நடக்கிறது. பாயான் லெப்பாஸில் வேலை முடித்து, பினாங்குப் பாலத்தின் நெரிசலைத் தாண்டி நான் பட்டர்வொர்த் வந்து சேர ஏழு மணியாகிவிடும். நம் ஊர் வெயிலில் பத்து மணி நேரம்! ஒருமுறை அப்படி வைத்துவிட்டுப் போய், மாலையில் முழுப் பாக்கெட்டையும் குப்பையில் போட்டேன். சமைக்காத இறைச்சி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான். முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், பாக்கெட்டோடு குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள்.

ஏற்கெனவே வெந்து வந்த சோசேஜைச் சாய்வாக நறுக்கி, ஈரத்தை ஒற்றி எடுத்து, சூடான வாணலியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். கோழி சோசேஜில் கொழுப்பு குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி எண்ணெய். இரண்டு நிமிடம் தொடாதீர்கள். மீ பிரட்டிய கைக்கு இதுதான் கஷ்டம். கிளறிக்கொண்டே இருந்தால் சிவக்காது. இருபுறமும் சிவந்ததும் தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். வாணலியின் அடியில் ஒட்டியிருக்கிற பழுப்பைக் கழுவிவிடக் கூடாது, மொத்தச் சுவையும் அங்கே இருக்கிறது. பிறகு தக்காளியும் கஞ்சியும் விழும்போது அது தானாகக் கரைந்து வரும்.

காய்களை ஒன்றாகக் கொட்டுவது அடுத்த தவறு. கேமரன் மலைக் காய்கள் வாரச்சந்தையில் எல்லாமே கிடைக்கிறதே என்று ஐந்தாறு வகை வாங்கிப் போட்டால் வாணலி நிரம்பி, காய்கள் தண்ணீர் விட்டு, வதங்குவதற்குப் பதில் அவிந்துபோகும். இரண்டு வகை போதும், அதிகம் போனால் மூன்று. கேரட், பயற்றங்காய் முதலில். குடைமிளகாய் அதற்கப்புறம். காளானைத் தனியாக, நல்ல சூட்டில், உப்புப் போடாமல். சாவி என்கிற கடுகுக்கீரை, கங்குங் மாதிரிக் கீரைகள் அடுப்பை அணைக்க ஒரு நிமிடம் இருக்கும்போது. புரோக்கோலி என்றால் வாணலியே வேண்டாம், பாஸ்தா வேக இரண்டு நிமிடம் இருக்கையில் அதே கொதிநீரில் போட்டுச் சேர்த்து வடித்துவிடலாம். வேலை நாளில் ஒரு பாத்திரம் மிச்சம்.

பூண்டைக் காய்ந்த எண்ணெயில் முதலில் போட்டுத் தாளிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. இதில் அப்படிப் போட்டால் காய் வதங்குவதற்குள் பூண்டு கருகிக் கசக்கும். காய் பாதி வெந்ததும், தீயைக் குறைத்துப் போடுங்கள், அரை நிமிடத்தில் வாசனை வரும். உடனே நறுக்கிய தக்காளி. போத்தல் தக்காளி சோஸையும் மிளகாய் சோஸையும் ஊற்றிச் செய்கிற பாஸ்தா பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அதில் சர்க்கரை அதிகம், சூடான வாணலியில் அடிபிடிக்கும், சோசேஜின் சுவையையும் மூடிவிடும். பழுத்த தக்காளி மூன்று, காய்ந்த மிளகாயைக் கிள்ளி ஒன்றிரண்டு போட்டால் போதும். புளிப்பு தூக்கலாக இருந்தால் மட்டும் ஒரு சிட்டிகை சர்க்கரை.

வடித்த பாஸ்தாவைத் தட்டில் வைத்து மேலே சோஸ் ஊற்ற வேண்டாம். வாணலிக்குள் போடுங்கள். அரைக் கிண்ணம் கஞ்சி ஊற்றி, தீயைக் கூட்டி, இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். மீ பிரட்டிப் பழகிய கை இங்கேதான் உதவிக்கு வரும். குழம்பு பாஸ்தாவைச் சுற்றிப் பற்றிக்கொண்டதும் சோசேஜைத் திரும்பச் சேர்த்து, அடுப்பை அணைத்துவிட்டுச் சீஸ் தூவுங்கள். தீயில் இருக்கும்போது தூவினால் திரிந்து கட்டியாகிவிடும். பென்னே, ஃபுசில்லி போன்ற குட்டை வகைகள் சோசேஜ் துண்டோடு ஒரே வாயில் வரும், ஸ்பெகட்டிக்கு அது வராது. கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்குங்கள், தட்டுக்குப் போவதற்குள் இறுகிவிடும்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி இல்லை. அன்று சோசேஜுக்குப் பதில் தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி. விரல் நீளத்துக்கு நறுக்கி, கொஞ்சம் கூடுதல் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, கடைசியில் சேர்ப்போம். தெம்பேயில் உப்பு கிடையாது என்பதால் அன்றைக்கு மட்டும் பாஸ்தா தண்ணீரில் மூன்றரைத் தேக்கரண்டி.