விற்பனை நின்றுபோன இடத்தில் லாபத்தைத் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

சில வருடம் நன்றாக ஏறிக்கொண்டே வந்த வியாபாரம் ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், கெட்ட பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் போன வருடம் கையில் மிஞ்சியதுதான் இந்த வருடமும் மிஞ்சுகிறது. 'இன்னும் கொஞ்சம் அதிகமாக விற்றால் சரியாகிவிடும்' என்றுதான் முதலில் தோன்றும். நான் பார்த்தவரை, தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

விற்பனை உண்மையிலேயே நின்றிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று பலர் பார்ப்பதில்லை. நீங்கள் விற்கும் பொருட்களின் விலை ஒரு வருடத்தில் 6 சதவீதம் ஏறியிருந்து, மொத்த வரவு மட்டும் மாறாமல் இருந்தால், போன வருடத்தைவிடக் குறைவாகத்தான் விற்றிருக்கிறீர்கள். அதனால் பணத்தை மட்டும் எண்ணாமல், எத்தனை பில் போட்டோம், எத்தனை உருப்படி போனது என்பதையும் எண்ணுங்கள்.

அடுத்தது தள்ளுபடி. இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். 100க்கு விற்கும் ஒரு பொருளின் கொள்முதல் 70 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 30. கூட்டத்தை இழுக்க 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 90 ஆகும், மிஞ்சுவது 20தான். முன்பு 100 உருப்படி விற்றுப் பார்த்த அதே லாபத்துக்கு இப்போது 150 விற்க வேண்டும். அந்த 50ஐ எடுத்துக் கொடுக்க, கட்ட, கணக்கு எழுத ஆகும் உழைப்பு தனி. போதாததற்கு, அடுத்த தள்ளுபடி வரும்வரை வாங்காமல் காத்திருக்க வாடிக்கையாளரைப் பழக்கியும் விடுகிறோம்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். விலையை 5 சதவீதம் ஏற்றினால் மிஞ்சுவது 35. அப்போது 86 உருப்படி விற்றாலே பழைய லாபம் வந்துவிடும். அதாவது நூற்றில் 14 விற்பனை கைவிட்டுப் போனாலும் நஷ்டமில்லை. விலை ஏற்றினால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் புரிகிறது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டியதில்லை. எல்லோரும் விலையை மனப்பாடமாக வைத்திருக்கும் பொருட்களைத் தொடாதீர்கள். உங்கள் கைவேலைக்காகவோ நம்பிக்கைக்காகவோ தேடி வந்து வாங்குகிறவற்றில் ஏற்றிப் பார்க்கலாம்.

கணக்கில் இன்னொரு குழப்பம் உண்டு. 100க்கு வாங்கி 125க்கு விற்கிறவர் '25 சதவீத லாபம்' என்பார். கொள்முதலை வைத்துப் பார்த்தால் சரிதான். ஆனால் விற்ற விலையில் அது 20 சதவீதம்தான். '25 இருக்கிறதே, 20 சதவீதம் தள்ளினாலும் 5 நிற்குமே' என்று நினைத்துத் தள்ளுபடி கொடுத்தால், 125இல் 20 சதவீதம் 25. மொத்த லாபமும் போய்விட்டது, வாடகையும் சம்பளமும் கையிலிருந்து போகும்.

லாப சதவீதம் அதிகமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு சரக்கை வாங்கி அடுக்குவதும் தவறு. போட்ட 100க்கு 40 தரும் சரக்கு வருடத்தில் இரண்டு முறைதான் விற்றுத் தீருகிறது என்றால், வருடத்துக்கு 80 கிடைக்கும். போட்ட 100க்கு 10தான் தரும் சரக்கு மாதம் ஒரு முறை தீர்ந்தால் 120 கிடைக்கும். அலமாரியில் தூங்கும் சரக்கு உங்கள் பணம். கடனுக்குப் போய் வசூலாகாமல் நிற்கும் பாக்கியும் அப்படித்தான். பெரிய அளவில் வாங்குகிறார் என்பதால் நாம் தாங்கிப் பிடிக்கும் வாடிக்கையாளர், மாதக்கணக்கில் பாக்கி வைத்தால் அவருக்காக நாம் கட்டும் வட்டியையும் கழித்துப் பாருங்கள். சில சமயம் எதுவுமே மிஞ்சாது.

விளம்பரத்துக்குச் செலவு செய்வதற்கு முன்னால், வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்களில் பத்துப் பேரிடமாவது பேசுங்கள். காரணம் விலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்புறம், முதலாளி தனக்குச் சம்பளம் எழுதாமல் லாபம் பார்ப்பது. உங்கள் இடத்தில் ஒருவரை வேலைக்கு வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதைச் செலவில் எழுதுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் வியாபாரத்தின் லாபம். இது தெரியாமல்தான் பலர் 'இங்கே வளர இடமில்லை' என்று இரண்டாவது கிளை திறக்கிறார்கள். முதல் கடை ஓடுவதே அவர் காலை முதல் இரவு வரை நிற்பதால்தான் என்றால், இரண்டாவது வந்ததும் இரண்டிலும் பாதி நேரம் அவர் இருக்க மாட்டார். கிளைக்கு இடம் பார்ப்பதற்கு முன் இருக்கிற கடையை இரண்டு வாரம் ஊழியர்களிடம் விட்டுவிட்டு விலகி இருந்து பாருங்கள். திரும்பி வந்ததும் பில் எண்ணிக்கையையும் இருப்புச் சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.