பழைய கேம் டிஸ்க் வாங்க, விற்க: வேலூர்க்காரர்களுக்கு

காட்பாடியில் விடுதியைக் காலி செய்யும் மாணவர் பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின்) டிஸ்க்கை விற்றுவிட்டு ஊருக்குப் போகலாம். அதே கேமை ஸ்டோரில் டவுன்லோடு செய்திருந்தால் விற்க வழியே இல்லை. டிஸ்க் என்பது பொருள்; டவுன்லோடு என்பது அக்கவுன்டோடு கட்டிப்போட்ட அனுமதி மட்டும். பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமின் ஒப்பந்தம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது, அக்கவுன்டை விற்கவும் தடை போடுகிறது. காசு முழுதாக வாங்கிக்கொண்டு மறுவிற்பனையை மறுப்பது அநியாயம்தான். பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு இதற்காகவே ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு 2019இல் ஜெயித்தது. 2022இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறிவிட்டது.

ஆகவே 'கேம்களோடு ஸ்டீம் ஐடி விற்பனைக்கு' என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். முதலில் பணம் கட்டிய ரசீதைக் காட்டி, பழைய ஆள் ஐடியை மீட்டுக்கொள்ள முடியும். ஸ்டீமில் நேரடியாக வாங்கி, பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

டிஸ்க் வாங்கும் முன் உங்கள் பிஎஸ்5இல் டிஸ்க் டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள்; டிஜிட்டல் எடிஷனில் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் போனஸ் கோடு (code, ரகசியக் குறியீடு) ஒருமுறைதான் செல்லும், அதற்குக் கூடுதல் விலை தராதீர்கள். பிசி கேம் பெட்டிகளில் பெரும்பாலும் கோடு மட்டுமே இருக்கும், அவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம்.

போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கீறல் பெரும்பாலும் தொல்லை தராது. வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் ஆபத்து. நடு ஓட்டையருகே விரிசல் இருந்தால் டிரைவில் போடவே கூடாது. பிஎஸ்5 டிஸ்க் ப்ளூரே வகை; ப்ளூரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து சுமார் 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6 மி.மீ. அதனால் டிவிடிக்குச் செய்வதுபோல் பாலிஷ் போட்டால் டிஸ்க் போய்விடும். மே மாத வெயிலில் காருக்குள் விட்டால் வளையும்.

விற்பவர் வீட்டில் கேம் ஓடுகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஏற்கெனவே இன்ஸ்டால் ஆன கேம் மெஷினுக்குள் இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்திலிருந்துதான் ஓடுகிறது. டிஸ்க் உள்ளே இருக்கிறதா என்று மட்டுமே மெஷின் பார்க்கும். கேமை அழித்து, நெட்டைத் துண்டித்து, டிஸ்க்கிலிருந்து மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். கெட்ட டிஸ்க் பாதியில் நின்று பிழை காட்டும். நேரம் பிடிக்கும், ஆனாலும் பணம் கைமாறும் முன் இதை முடித்துவிடுங்கள்.

மெஷினையே விற்பவர், பிஎஸ்5 கேம்களின் சேவ்களை (ஆட்டத்தில் எட்டிய இடத்தின் பதிவுகளை) யுஎஸ்பியில் எடுக்க முடியாது என்பதால் சோனியின் கட்டணச் சந்தாவான பிஎஸ் பிளஸின் கிளவுடில் ஏற்றிவிட்டு, 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே'யை நிறுத்தி, பிறகு ரீசெட் செய்யவும்.

டிஸ்க்கை வாடகைக்கு விட்டுக் காசு பார்ப்பது வேறு கதை: 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவுப்படி கேம் போன்ற கணினி நிரலை வணிக வாடகைக்கு விடும் உரிமை பதிப்புரிமை வைத்திருப்பவருக்கே.

கடையில் வாங்கினால் பில் கேளுங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைக்கலாம், அல்லது 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. தனி ஆளிடம் வாங்கியதற்கு இந்த வழி எளிதில் உதவாது.